ஃப்ளோரைட் தேடும்போது எங்கே சறுக்குகிறார்கள்?

குஜராத்தின் சோட்டா உதேப்பூர் மாவட்டத்தில் அம்பாடுங்கர் மலை இருக்கிறது. சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன், தக்காண எரிமலைக் காலத்தில் மேலேறிய கார்பனடைட் (கார்பனேட் கனிமங்கள் மிகுந்த தீப்பாறை) அங்கே வளையமாகக் கிடக்கிறது. கால்சியமும் ஃப்ளோரினும் சேர்ந்த கனிமமான ஃப்ளோரைட்டுக்கு இந்தியாவில் பேர்போன இடம் அது. ஆய்வில் நடக்கும் தவறுகளைச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

முதல் தவறு, புவியியற்பியல் கருவி ஃப்ளோரைட்டையே காட்டித் தரும் என்று நம்புவது. ஃப்ளோரைட்டுக்குக் காந்த ஈர்ப்பும் இல்லை, மின்சாரமும் கடத்தாது. காந்த அளவீட்டில் தெரிவது கார்பனடைட்டிலுள்ள மாக்னடைட் என்ற இரும்புக் கனிமம். சுற்றியுள்ள பசால்ட்டும் காந்தத்தன்மை கொண்டதுதான். வரைபடத்தில் சிவந்த இடத்திலெல்லாம் துளை போட்டால் பணம்தான் போகும். காமா அளவீடு தோரியத்தைச் சொல்லும். மின்தடை குறைந்த கோடு, பிளவில் தேங்கிய களிமண்ணையும் நீரையும் சொல்லும். ஃப்ளோரைட்டின் அடர்த்தி 3.18, கால்சைட் 2.71, சரி, ஈர்ப்பு அளவீடு கைகொடுக்குமா? ஓரிரு மீட்டர் அகலப் பட்டை என்றால் மேடுபள்ளத்தால் வரும் ஏற்ற இறக்கத்திலேயே அது கரைந்துவிடும். ஆகவே இவற்றையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அகழிவெட்டிப் பார்த்த பாறையோடு ஒப்பிட்ட பிறகே துளையிடும் இடத்தைக் குறிக்க வேண்டும்.

கிணற்று நீரில் ஃப்ளோரைடு மிகுந்திருப்பதை மட்டும் தடயமாகக் கொள்வதும் ஆபத்து. தர்மபுரி, கிருஷ்ணகிரி கிணறுகளில் ஃப்ளோரைடு தாராளம். அது பெரும்பாலும் அங்குள்ள பாறைகளின் மைக்கா, ஹார்ன்பிளெண்ட், அபடைட் (பாஸ்பேட் கனிமம்) போன்றவற்றிலிருந்து கரைந்து வருவது. சுரங்கம் வெட்டும் படிவுக்கு அடையாளம் அல்ல.

அப்புறம் துளையிடுதல். காசு அதிகம் கரைவது இங்கேதான். 75 பாகை சரிவில் இறங்கும் 2 மீட்டர் பட்டையைச் செங்குத்தாகத் துளைத்தால், துளையிலிருந்து எடுக்கும் உருளைப் பாறைத் துண்டான கோரில் ஏறக்குறைய 7.7 மீட்டர் தாது தெரியும். முகாமில் எல்லோருக்கும் மகிழ்ச்சி, கணக்கில் மட்டும் கிட்டத்தட்ட நாலு மடங்கு பொய். பட்டை சரியும் பக்கத்தில் நின்று, அதைக் குறுக்கே வெட்டும்படி துளையைச் சாய்த்துப் போட வேண்டும். ஆழம் போகப்போகத் துளை வளையும் என்பதால் அதன் திசையையும் அளக்க வேண்டும்.

ஃப்ளோரைட்டின் கடினத்தன்மை 4தான். நான்கு தளங்களில் எளிதாகப் பிளந்துவிடும். நொறுங்கிய பகுதியில் துளையிடும் நீரே தாதுவை அடித்துக்கொண்டு போகும். ஒரு மீட்டருக்கு 60 சென்டிமீட்டர் கோர்தான் வந்ததென்றால், மீதி 40-ல் என்ன இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கிடைத்த 60-ன் சராசரித் தரத்தை முழு மீட்டருக்கும் அப்படியே எழுதிவிடக் கூடாது. கோரை நொறுங்காமல் பிடிக்கும் மூன்றடுக்குக் குழாயும் குறைந்த நீரழுத்தமும் ஓரளவு காப்பாற்றும்.

ஆய்வகத்தில் கால்சியத்தை மட்டும் அளந்து பயனில்லை, கார்பனடைட் பெரும்பாலும் கால்சைட்தானே, அதிலும் கால்சியம்தான்! ஃப்ளோரினை அளந்து, அதைப் பெருக்கி ஃப்ளோரைட் அளவைக் கணக்கிட்டாலும் (சுத்த ஃப்ளோரைட்டில் அது 48.7 சதவீதம்) அபடைட்டிலுள்ள ஃப்ளோரினும் சேர்ந்துவிடும். பாஸ்பரஸையும் கார்பனேட்டையும் தனியே அளக்கச் சொல்லுங்கள். அமிலத் தரத்துக்கு (ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் தயாரிக்க ஏற்ற தரம்) 97 சதவீத ஃப்ளோரைட் கேட்கும் வாங்குபவர் எப்படியும் முதலில் கேட்கப்போவது அந்த அழுக்குகளைப் பற்றித்தான்.