யாழ்ப்பாணத்தில் வானிலை அறிக்கை பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி பிறந்தால் போதும், யாழ்ப்பாணத்தில் எல்லாருடைய கைபேசியிலும் சுழலும் மேகப் படங்கள் ஓடத் தொடங்கிவிடும். பார்ப்பது நல்லதுதான். ஆனால் பெரும்பாலான ஆட்கள் அதில் தேடுவது மழை வருமா, புயல் வருமா என்ற இரண்டை மட்டும். இரண்டும் இல்லை என்று தெரிந்தால் கைபேசியை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். சுற்றிவரக் கடலும், நடுவில் நீரேரிகளும், மேற்கே தீவுகளுமாகக் கிடக்கும் ஊருக்கு அந்த இரண்டு கேள்வியும் காணாது. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எவ்வளவு மழை எத்தனை மணித்தியாலத்தில், அது எந்தக் கரையைத் தாக்கும் என்பவற்றைப் பார்க்காவிட்டால் அறிக்கை படித்தும் படிக்காத கணக்குத்தான். கடற்றொழிலுக்குப் போகிறவர்கள், தோட்டம் வயல் செய்கிறவர்கள், தீவுகளுக்குப் படகில் போய்வரும் ஆசிரியர்கள், உத்தியோகத்தர்கள் எல்லாரையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இருப்பதில் பெரிய தவறு, பெயர் வைக்கும்வரை காத்திருப்பது. "இன்னும் தாழமுக்கம்தானே, புயல் ஆகவில்லையே" என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறோம். வங்கக் கடலில் உருவாகும் ஒன்றுக்குப் பெயர் கிடைப்பது அதன் காற்று மணிக்கு 62 கிலோமீற்றரைத் தொடும்போதுதான். பெயரை அறிவிப்பது புதுடில்லியில் உள்ள இந்திய வானிலைத் துறையின் மையம். 50 முதல் 61 வரை என்றால் அது ஆழ்ந்த தாழமுக்கம், அதற்கும் கீழே வெறும் தாழமுக்கம். இந்தப் படிகள் எல்லாம் காற்றை மட்டும் வைத்துப் போட்டவை, மழை அந்தக் கணக்கிலேயே இல்லை. 2024 நவம்பரில் பெங்கால் புயல் என்ன செய்தது என்று நினைத்துப் பாருங்கள். 26ஆம் 27ஆம் திகதிகளில் அது ஆழ்ந்த தாழமுக்கமாக எங்கள் கிழக்குக் கரையை ஒட்டி மெதுவாக நகர்ந்தபோதுதான் யாழ்ப்பாணத்தில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. பெங்கால் என்ற பெயர் வந்தது 29ஆம் திகதி. 2008இல் நிஷாவும் அப்படித்தான்: நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் 380 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியது, பெயர் கிடைத்தது அடுத்த நாள். பெயர் வந்தபிறகும் அது பெரிய புயலா சின்னப் புயலா என்று காற்றை வைத்தே எடைபோடுகிறோம். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா காற்றின் கணக்கில் பெரிய சூறாவளி இல்லை. அது நாட்டில் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது, பெரும்பாலும் மலைநாட்டில், மழையாலும் மண்சரிவாலும்.

இதோடு ஒட்டிப்பிறந்த இன்னொரு தவறு, "அது தமிழ்நாட்டுக்குத்தானே போகுது" என்று நிம்மதியாவது. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகளை விரும்பிப் பார்க்கிற ஊர் இது. அங்கே சொல்வது அவர்களுடைய கரைக்கான செய்தி, அதில் எங்களுடைய வடமராட்சி கிழக்கு இருக்காது. நிஷா கரை கடந்தது காரைக்காலுக்குப் பக்கத்தில், பெங்கால் புதுச்சேரிக்குப் பக்கத்தில். இரண்டும் எங்களை மூழ்கடித்துவிட்டுத்தான் அங்கே போயின. 2022 டிசம்பரில் மாண்டஸ் மாமல்லபுரத்தில் கரை கடந்தது. நெடுந்தூரம் என்று நினைத்தோம். அந்த நாட்களில் அடித்த குளிர்காற்றும் மழைத் தூறலும் தாங்காமல் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் செத்துப்போயின. பட்டியில் வெளியே கட்டிக்கிடந்த மாடுகளுக்கு மறைப்புக் கட்டவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் எல்லாருடைய கண்ணும் கரை கடக்கும் புள்ளியிலேயே இருந்தது. படத்தில் வரும் கோடு புயலின் நடுப்புள்ளி போகக்கூடிய பாதை மட்டும்தான். அதைச் சுற்றி விரிந்துகொண்டு போகும் கூம்பு, அந்த நடுப்புள்ளி எவ்வளவு விலகிப் போகலாம் என்பதைக் காட்டுகிறது. மழையும் காற்றும் அந்தக் கூம்புக்கு வெளியே நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் பரவிக் கிடக்கும். கோடு எங்கள் மேலே ஏறவில்லை என்பதால் எங்களுக்கு ஒன்றும் இல்லை என்று எடுக்கவே கூடாது.

சரி, காற்றுக்கு வருவோம். எங்கள் பெரியவர்கள் அறிக்கை எதுவும் இல்லாத காலத்தில் வாடை (வடகிழக்குக் காற்று), சோளகம் (தென்மேற்கு), கச்சான் (மேற்கு), கொண்டல் (கிழக்கு) என்று திசையை வைத்தே கடலைப் பேசினார்கள், இன்றைக்கும் கடற்றொழிலாளிகள் அப்படித்தான் பேசுகிறார்கள். கைபேசி பார்க்கிற மற்றவர்கள்தான் வேகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திசையை விட்டுவிடுகிறார்கள். மணிக்கு 35 கிலோமீற்றர் என்பது குடாநாட்டின் எல்லாக் கரைக்கும் ஒரே 35 இல்லை. கார்த்திகை, மார்கழியில் வாடை அடிக்கும்போது பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, மயிலிட்டிப் பக்கமும் மணற்காட்டிலிருந்து சுண்டிக்குளம் வரை நீளும் கிழக்குக் கரையும் நேரே அடி வாங்கும். அதே நாளில் குருநகர், பாசையூர்ப் பக்கத்து நீரேரி ஓரளவு மறைவில் இருக்கும். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோளகம் எழும்பினால் கதை மறுபக்கம் திரும்பும். குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையிலான கடல் எப்படி இருக்கும் என்று அந்த மாதங்களில் படகேறியவர்களைக் கேளுங்கள், வானத்தில் ஒரு முகில் இராது, வெயில் எறிக்கும், கைபேசியில் சூரியன் படம் சிரித்துக்கொண்டிருக்கும், படகுக்குள் இருப்பவர்கள் முழுக்க நனைந்திருப்பார்கள்.

சோளக காலத்தில் வடகரைக்கு வேறொரு ஆபத்து உண்டு, இதை இளம் தொழிலாளிகளுக்கு அழுத்திச் சொல்லவேண்டும். தெற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வரும் காற்று தரையைக் கடந்து கடலுக்குள் இறங்குவதால் பருத்தித்துறைக் கரையில் நின்று பார்த்தால் கடல் குளம்போலக் கிடக்கும். வெளியே போகப் போகத்தான் அலை எழும்பும். அங்கே எஞ்சின் நின்றால் காற்று படகைக் கரைக்குக் கொண்டுவராது, வெளியேதான் தள்ளும். அந்த நாட்களில் கரையில் நின்று கடலைப் பார்த்து முடிவெடுக்காமல், வெளிக்கடலுக்கான காற்றையும் அலையையும் அறிக்கையில் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இன்னொன்று, வாடை என்றால் வடகிழக்கிலிருந்து வருவது, வடகிழக்கு நோக்கிப் போவது இல்லை. அறிக்கையில் எழுதும் திசை எப்போதும் காற்று வரும் பக்கம். சில செயலிகளில் அம்புக்குறி காற்று போகும் பக்கத்தைக் காட்டும், இரண்டையும் குழப்பினால் மறைவான கரை என்று நினைத்து அடிபடும் கரைக்குப் போய்ச் சேருவோம்.

கடலுக்குப் போகிறவர்கள் தரை அறிக்கையைப் படிப்பதும் பரவலாக நடக்கிறது. வளிமண்டலவியல் திணைக்களம் பொதுமக்களுக்கு ஒன்றும் கடற்பரப்புகளுக்கு இன்னொன்றும் என்று தனித்தனியாக வெளியிடுகிறது. கடல் அறிக்கை நாட்டைச் சுற்றியுள்ள கடலைத் துறைமுகம் துறைமுகமாகப் பிரித்துச் சொல்லும்: புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரை, காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரை என்கிற மாதிரி. எங்களுக்குள்ள சிக்கல், பிரிக்கும் புள்ளியே காங்கேசன்துறையாக இருப்பது. மாதகல், காரைநகர், தீவுப்பகுதி ஒரு வரியில் வரும், பருத்தித்துறையும் மருதங்கேணியும் அடுத்த வரியில் வரும். ஒரு வரியை மட்டும் கேட்டுவிட்டு "யாழ்ப்பாணக் கடல் நல்லாயிருக்காம்" என்று மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள், இரண்டையும் படியுங்கள்.

அலகையும் கவனிக்க வேண்டும். ஒரு நொட் என்பது மணிக்கு 1.85 கிலோமீற்றர்; செயலியில் 20 என்று பார்த்து மெல்லிய காற்று என்று நினைத்தால், அது நொட் கணக்காக இருந்தால் 37 கிலோமீற்றர். பிறகு அலை உயரம். 2 மீற்றர் என்று போட்டிருந்தால் எல்லா அலையும் 2 மீற்றருக்குள் அடங்கும் என்று பொருள் இல்லை, அது அந்த நேரத்து அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. இடைக்கிடை அதைப்போல இரண்டு மடங்குக்குக் கிட்டவாக ஓர் அலை எழும்புவது இயல்பு. பாக்குநீரிணை ஆழம் குறைந்த கடல் என்பதால் அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வரும். சிறிய ஃபைபர் படகுக்கு ஆழ்கடலின் நீண்ட அலையைவிட இது மோசம்.

மழைக்கு மில்லிமீற்றர் சொல்கிறார்களே, அதைக் காதில் விழுத்தாமல் விடுவது அடுத்த தவறு. "பலத்த மழை, 100 மில்லிமீற்றருக்கும் அதிகமாக" என்று ஒவ்வொரு மாரிக்கும் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர் தண்ணீர். ஒரு பரப்புக் காணியில் 100 மில்லிமீற்றர் விழுந்தால் ஏறக்குறைய 25,000 லீற்றர். இது உங்கள் காணிக்கு மட்டும். பக்கத்துக் காணியில் விழுந்ததும் சேர்ந்து பள்ளத்துக்குத்தான் வரும். எங்களிடம் வெள்ளத்தைக் கொண்டுபோகப் பெரிய ஆறு ஒன்றும் இல்லை, இருக்கிற வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது. மற்றதெல்லாம் வாய்க்கால், குளம், மதகு, அப்புறம் நீரேரி. முன்பே மழை பெய்து நீரேரி நிரம்பியிருந்தால் தண்ணீர் இறங்க இடம் இல்லை, அப்போது 60 மில்லிமீற்றர்கூட, காய்ந்த தரையில் விழும் 150ஐவிடக் கூடுதல் சேதம் செய்யும். ஆகவே நாளைய எண்ணை மட்டும் பார்க்காமல் போன வாரம் எவ்வளவு பெய்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வாய்க்காலை மதிலுக்கு மூடியவர்கள் ஐப்பசிக்கு முன்னர் திறந்துவிட்டால் ஒழுங்கைக்கே உதவி.

செயலியில் வரும் "60%" பற்றி ஒரு சொல். அது நாளில் 60 வீத நேரம் மழை என்றோ 60 வீத இடத்தில் மழை என்றோ சொல்லவில்லை; அந்த இடத்தில், அந்த நேரத்துக்குள் மழை பெய்வதற்கான வாய்ப்பைச் சொல்கிறது. எவ்வளவு பெய்யும் என்பதும் அதில் இல்லை. செயலிகளின் பின்னால் இருக்கும் உலக மாதிரிகள் பூமியை 9, 13, 25 கிலோமீற்றர்க் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. எங்கள் குடாநாட்டில் அப்படி ஒரு கட்டத்துக்குள் கொஞ்சம் தரை, கொஞ்சம் நீரேரி, கொஞ்சம் கடல் எல்லாம் அகப்படும். வாடைக்காலத்தில் வங்கக் கடலிலிருந்து பரந்து வரும் மழையை அந்தக் கணக்கு ஓரளவு சரியாகப் பிடிக்கும். பங்குனி, சித்திரையிலும் மாரிக்கு முந்திய புரட்டாதி, ஐப்பசியிலும் பின்னேரத்தில் திரளும் இடிமழையைப் பிடிக்க மாட்டாது: சாவகச்சேரியில் கொட்டும், கோப்பாயில் புழுதி பறக்கும். அந்த மாதங்களில் செயலி எந்த மணிக்கு மழை என்கிறது என்று பார்ப்பதில் பயன் இல்லை. "பிற்பகலில் இடியுடன் கூடிய மழை" என்ற திணைக்களத்தின் வரியை எடுத்துக்கொண்டு, மத்தியானத்துக்குப் பிறகு வானத்தைப் பாருங்கள். அந்த வரியில் மழையைவிட முக்கியமானது இடி. வயல்வெளியிலோ நீரேரிக்குள் வலையோடோ நிற்கும் ஆள்தான் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான பொருள். மின்னல் தெரிந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர். ஆனால் இடி கேட்கிற தூரத்தில் இருந்தாலே மின்னல் உங்களை எட்டலாம். எண்ணி முடிக்கக் காத்திராமல் கரையேறுங்கள், பனைக்குக் கீழே ஒதுங்காதீர்கள்.

சித்திரை வெயிலையும் அறிக்கையில் யாரும் வாசிப்பதில்லை. ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வரும், ஓகஸ்ட் கடைசியில் மறுபடியும். 33 பாகை என்று இருந்தாலும் கடற்காற்றின் ஈரப்பதம் சேர்ந்து உடம்பு உணர்வது அதைவிடக் கூடுதல், திணைக்களம் தனியாக வெளியிடும் வெப்பச் சுட்டெண் அதைத்தான் சொல்கிறது. வெங்காயம் கிண்டுகிறவர்கள் பார்க்கவேண்டியது அதை.

வட்சப்பில் வரும் படங்களுக்கு ஒரே ஒரு சோதனை போதும்: எந்தத் திகதி, எத்தனை மணிக்கு வெளியிட்டது? அது இல்லாவிட்டால் அனுப்பாதீர்கள். போன வருடத்துச் சுழி இந்த வருடமும் வலம் வருகிறது. செய்மதிப் படத்தில் யூரிசி (UTC, உலகப் பொது நேரம்) என்று நேரம் இருந்தால் ஐந்தரை மணித்தியாலம் கூட்டினால்தான் எங்கள் நேரம். நாளொன்றின் மழையளவும் காலை 8.30 தொடக்கம் மறுநாள் 8.30 வரை அளப்பது, ஆகவே இன்று காலை சொல்லும் எண்ணில் பெரும்பகுதி நேற்றுப் பெய்தது. இரண்டு கிழமைக்குப் பிறகு புயல் வரும் என்று காட்டும் வண்ணப்படம் எதையும் நம்பி வலையைக் கழற்ற வேண்டாம், மூன்று நாளுக்குள் வருவதைத்தான் அறிக்கைகள் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். சந்தேகம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்துக் கேட்கலாம்.

தைப்பொங்கல் முடிந்து வல்வெட்டித்துறையில் பட்டங்களும் இறங்கிவிட்டால் மாரி முடிந்தது என்று நெல்லை வெட்டிப் பரப்பிவிடுகிறோம். வடகீழ்ப் பருவக்காற்றின் காலம் பெப்ரவரி வரை. 2023இல் பெப்ரவரி தொடக்கத்தில்கூட ஒரு தாழமுக்கம் கிழக்குக் கரையில் ஏறியது. அறுவடை நாளைக் குறிக்கமுன் அடுத்த மூன்று நாளுக்கான அறிக்கையைப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும், கதிர் முளைத்தால் ஒரு போகம் போச்சு.

கடைசித் தவறு, எச்சரிக்கையை விலக்கிய அன்றைக்கே கடலில் இறங்குவது. காற்று விழுந்த உடனே அலை விழாது. தூரத்தில் எழும்பிய அலைகள் ஒரு நாள், சிலவேளை அதற்கும் மேலாக வந்துகொண்டே இருக்கும், முக்கியமாகக் கட்டைக்காடு, மருதங்கேணிப் பக்கத்துத் திறந்த கரையில். காற்று எண் இறங்கியிருந்தாலும் அலை உயரத்தின் வரியைத் தனியே பாருங்கள், அது இறங்காவிட்டால் இன்னொரு இரவு வள்ளம் மணலிலேயே கிடக்கட்டும்.