மொசைக் தரையில் குழி: ஒட்டு தெரியாமல் அடைப்பது எப்படி

மொசைக் தரை என்பது சிமென்ட்டில் பதித்துத் தேய்த்தெடுத்த சலவைக்கல் சில்லு. குழியில் வெறும் வெள்ளை சிமென்ட்டை அப்பினால் சில்லு இல்லாத அந்த இடம் காயும்போது சுருங்கி, ஓரத்தில் வளையமாக வெடித்து, துடைக்கத் துடைக்கப் பெயர்ந்துவிடும். சில்லு போட்டே அடைக்க வேண்டும்.

முதலில் குழியைச் சுற்றி உளிப்பிடியால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகக் கேட்கும் இடம் முழுவதையும் எடுத்துவிட வேண்டும். ஆழம் 12 மி.மீ. இருக்கட்டும், ஓரம் செங்குத்தாக நிற்கட்டும். சாய்வாக விட்டால் விளிம்பில் கலவை காகிதம்போல மெலிந்து உதிரும். உளியைக் குழியின் உட்புறம் பார்த்துப் பிடித்து மெல்லத் தட்டினால் பழைய தரை சிதறாது.

பாதி வேலை நிறத்தில்தான் இருக்கிறது. உடைந்த துண்டு ஒன்றைக் கழுவி, மொசைக் சாமான் விற்கும் கடைக்கு எடுத்துப் போய் அதே அளவு, அதே நிறச் சில்லு வாங்குங்கள். எடையில் 3 பங்கு வெள்ளை சிமென்ட், 1 பங்கு சலவைக்கல் பவுடர். கலர் பவுடரை 100 கிராம் சிமென்ட்டுக்கு 1, 2, 4 கிராம் என்று சேர்த்து, பாட்டில் மூடிகளில் தனித்தனி வில்லை வார்த்து, நன்றாகக் காய்ந்தபின் தேய்த்துத் தரையோடு வைத்துப் பாருங்கள். ஈரத்தில் எல்லாமே அடர்த்தியாகத் தெரியும். அதை நம்பி அளவை முடிவு செய்யாதீர்கள். 10 கிராமுக்கு மேல் போனால் கலவை பலம் இழக்கும்.

பொருந்திய கலவையை உலர்ந்த நிலையிலேயே மொத்தமாகக் கலந்து, ஒரு கைப்பிடி டப்பாவில் எடுத்து வையுங்கள். பிறகு கட்டாயம் தேவைப்படும். மீதியில் 4 கிண்ணத்துக்கு 7 கிண்ணம் சில்லு சேர்த்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள்.

குழியைக் கழுவி, இரவு முழுக்க ஈரமாக வைத்து, தேங்கிய நீரைத் துணியால் ஒற்றி எடுங்கள். கெட்டியான சிமென்ட் பாலை (தண்ணீரில் கரைத்த சிமென்ட்) குழிக்குள் தடவி, உடனே கலவையைக் குத்தி நிரப்புங்கள். பால் காய்ந்துவிட்டால் பிடிப்பதற்குப் பதில் பிரிக்கும். மேலே கொஞ்சம் சில்லைத் தூவிக் கரணையால் அழுத்துங்கள். தரையை விட 2 மி.மீ. உயர்ந்திருக்கட்டும்.

மறுநாள் முதல் 7 நாள் ஈரச்சாக்கு. அவசரப்பட்டுத் தேய்த்தால் சில்லு பல்லைப் போலப் பிடுங்கிக்கொண்டு வரும்.

பிறகு 60-ஆம் நம்பர் பாலிஷ் கல்லால் தண்ணீர் விட்டே தேயுங்கள். உலர்ந்த தூசி நுரையீரலுக்கு ஆகாது. மட்டத்துக்கு வந்ததும் ஊசித்துளைகள் தெரியும். டப்பாவில் எடுத்துவைத்த உலர் கலவையைக் குழைத்து அவற்றில் பூசி, 4, 5 நாள் ஈரம் காத்து 120-ஆம் நம்பர் கல், அதன்பின் 320. கடைசிக் கல்லை மட்டும் ஒட்டைத் தாண்டி ஒரு சாண் தூரம் ஓட்டினால் எல்லை மறையும்.

பளபளப்புக்கு ஆக்ஸாலிக் ஆசிட் பவுடர், சதுர மீட்டருக்கு 33 கிராம். தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். விஷம், கையுறை வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் வரக்கூடாது. கழிவறை கழுவும் ஆசிட்டை இந்தத் தரையில் ஊற்றவே ஊற்றாதீர்கள்: அது சலவைக்கல்லையே அரிக்கும்.