பாஸ் மீனுக்கு ஃப்ளை ஃபிஷிங்: முதல்முறை ராடு பிடிப்பவர்களுக்கு

ஃப்ளை ஃபிஷிங் என்றதும் பலர் கண்முன் வருவது மலை ஓடையும், டிரவுட் மீனும், நகத்தின் அளவுகூட இல்லாத பொய் ஈயும்தான். அழகான விளையாட்டு, மறுக்கவில்லை. ஆனால் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு டிரவுட்டைவிட நல்ல வாத்தியார் பாஸ் மீன். பெரிய வாய், அதற்கேற்ற பசி. ஃப்ளை, அதாவது அந்தப் பொய் ஈ, கொஞ்சம் ‘தொப்’பென்று விழுந்தாலும் பல நேரம் மிரளாது, என்ன விழுந்தது என்று திரும்பிப் பார்க்கும். 30 அடி தூரம் ஒழுங்காக வீசத் தெரிந்தால் போதும், மீன் மாட்டும்.

இங்கே பாஸ் என்று நான் சொல்வது வட அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட லார்ஜ்மவுத், ஸ்மால்மவுத் இரண்டையும். வாய் மூடியிருக்கும்போது மேல்தாடையின் முனை கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் லார்ஜ்மவுத், தாண்டாவிட்டால் ஸ்மால்மவுத். முன்னது பாசியும் அல்லி இலையும் மண்டிய தேங்கின தண்ணீரில் இருக்கும். பின்னதற்குத் தெளிந்த தண்ணீரும் பாறையும் ஓட்டமும் பிடிக்கும்.

எதை வீசுகிறோம்?

சாதாரணத் தூண்டிலில் கனமான இரையை வீசுகிறோம், அது நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. இங்கே நிலைமை தலைகீழ். ஃப்ளை என்பது முள்ளில் கட்டிய முடியும் இறகும்தான், அதற்குக் கனமே கிடையாது. கனம் முழுக்க லைனில், அதாவது ஃப்ளையைக் கொண்டுபோகும் தடித்த கயிற்றில் இருக்கிறது. லைனை வீசினால் ஃப்ளை அதன் பின்னால் போய்ச் சேரும். புதிதாக வருகிறவர்கள் படும் பாட்டில் பாதி, இதை மறந்து ஃப்ளையை வீச முயல்வதால் வருவது.

சாமான்கள்

ராடு, அதாவது தூண்டில் கோல்: 9 அடி நீளம், 7 அல்லது 8-ஆம் எண். இந்த எண் மீனின் எடையைக் குறிப்பதல்ல, லைனின் எடையைக் குறிக்கிறது. லைனின் முதல் 30 அடி 210 கிரெயின், அதாவது சுமார் 13.6 கிராம் இருந்தால் அது 8-ஆம் எண் லைன். 5-ஆம் எண் என்றால் 140 கிரெயின். லார்ஜ்மவுத்தின் உலக சாதனை எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ், ஏறத்தாழ 10 கிலோ. 1932-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது. உங்களுக்கு மாட்டப்போவது பெரும்பாலும் ஒரு கிலோவைச் சுற்றித்தான் இருக்கும், அதற்கு 5-ஆம் எண் ராடே தாங்கும். பிறகு ஏன் 8? பாஸ் ஃப்ளைகள் பருமனானவை, காற்றில் தடுக்கும். அவற்றைத் தூக்கிக்கொண்டு போகக் கனமான லைன் வேண்டும், அந்த லைனுக்கு ஏற்ற ராடு வேண்டும். ஸ்மால்மவுத் மட்டும்தான் என்றால் 6-ஆம் எண்ணே போதும்.

லைன்: காசு செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். மிதக்கும் வகையில், கனம் முன்பக்கம் குவிந்த ‘வெயிட் ஃபார்வர்ட்’ லைன் வாங்குங்கள். பாஸுக்கென்றே முன்முனையைக் குட்டையாகவும் கனமாகவும் செய்த லைன்கள் உண்டு. கொஞ்ச நீளம் வெளியே வந்தாலே ராடு வளையத் தொடங்கும் என்பதால் கற்பவர்களுக்கு இன்னும் வசதி. ராடில் என்ன எண்ணோ லைனிலும் அதே எண்.

ரீல்: லைனைச் சுற்றி வைக்க ஒரு டப்பா, அவ்வளவுதான். பாஸ் நூறு கெஜம் ஓடுகிற மீன் அல்ல, பக்கத்துப் பாசிக்குள் புகுந்துகொள்கிற மீன். லைனுக்கு அடியில் பேக்கிங் எனப்படும் டேக்ரான் நூலை, 20 பவுண்டு தாங்குவதாக, முதலில் சுற்றிவிட்டால் லைன் பெரிய வளையமாக உட்காரும், சுருள் குறையும்.

லீடர்: லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே வரும், போகப்போக மெலிகிற நரம்பு. ஏழரை முதல் 9 அடி நீளம், நுனி 0எக்ஸ் முதல் 2எக்ஸ் வரை. 0.011 அங்குலத்திலிருந்து எக்ஸுக்கு முன்னால் உள்ள எண்ணை ஆயிரத்தில் ஒரு பங்காகக் கழித்தால் நுனியின் தடிமன் வரும்: 2எக்ஸ் என்றால் 0.009 அங்குலம். எண் கூடக்கூட நரம்பு மெல்லிசு. டிரவுட்டுக்குப் போடும் 5எக்ஸை இங்கே போட்டால் பெரிய ஃப்ளையைத் திருப்பிப் போட அதற்குத் தெம்பு இருக்காது, கடைசியில் எல்லாம் குவியலாக விழும். மிதக்கும் ஃப்ளைக்கு நைலான் லீடரே நல்லது. ஃப்ளூரோகார்பன் தண்ணீரில் அமிழும், ஃப்ளையின் மூக்கையும் கீழே இழுக்கும்.

ஃப்ளை: மூன்று வகை போதும். மேல்தண்ணீருக்கு, மிதந்து சத்தம் எழுப்பும் ஒரு பாப்பர், நடுத்தண்ணீருக்குக் கறுப்பு அல்லது ஆலிவ் நிற வூலி பக்கர், ஆழத்துக்கு ஒரு கிளவுசர் மின்னோ. கடைசியாகச் சொன்னது பென்சில்வேனியாவின் பாப் கிளவுசர், சஸ்குவஹானா ஆற்று ஸ்மால்மவுத்துக்காகக் கட்டியது. முள்ளின் முதுகில் கட்டிய உலோகக் கண்களின் கனத்தால் அது தண்ணீரில் தலைகீழாகத் திரும்பி, முள் மேலே பார்த்தபடி வரும். அதனால் பாறையிலும் கட்டையிலும் மாட்டுவது குறைவு. முள் அளவு 2 முதல் 6 வரை. பாசி அதிகம் என்றால் முள்ளை மறைக்கும் வீட் கார்டு வைத்ததாகப் பாருங்கள்.

இவற்றோடு கண்ணாடி, தொப்பி, முள் கழற்ற ஒரு இடுக்கி. கண்ணாடியை மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். காதோரம் பறந்துபோவது கூரான முள்.

பூட்டுவது

லைனின் நுனியை அப்படியே ராடின் வளையங்களில் கோக்காமல், ஓரடி பின்னால் இரண்டாக மடித்து, அந்த மடிப்பைக் கோத்துக்கொண்டு போங்கள். கை நழுவினால் ஒற்றை நுனி சரசரவென்று அடிவரை இறங்கிவிடும். மடிப்பு முதல் வளையத்திலேயே விரிந்து நின்றுகொள்ளும். லைன் நுனியிலும் லீடர் தலையிலும் பெரும்பாலும் கண்ணி இருக்கும், ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து இழுத்தால் வேலை முடிந்தது.

ஃப்ளையைக் கட்ட ஒரே ஒரு முடிச்சு கற்றுக்கொள்வதென்றால் இறுகாத கண்ணி முடிச்சைக் கற்றுக்கொள்ளுங்கள். நுனியிலிருந்து ஒரு சாண் விட்டுச் சாதாரண முடிச்சு ஒன்று போடுங்கள், இறுக்க வேண்டாம். நுனியை ஃப்ளை முள்ளின் துளையில் நுழைத்து, முடிச்சிலிருந்து எந்தப் பக்கமாக வெளியே வந்ததோ அதே பக்கமாக முடிச்சுக்குள் திரும்ப விடுங்கள். பிறகு மேல் நரம்பைச் சுற்றி நாலைந்து சுற்று. மறுபடி நுனியை முடிச்சுக்குள் அதே பக்கமாகவே விட்டு, எச்சில் தொட்டு, மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்த நரம்பை இறுக்கினால் உராய்வுச் சூட்டில் அங்கேயே பலம் போய்விடும். ஃப்ளை அந்தச் சின்னக் கண்ணியில் தொங்குவதால் தாராளமாக ஆடும்.

வீச்சு: முதலில் புல்தரையில்

தண்ணீர்ப் பக்கம் போவதற்கு முன் திறந்த புல்வெளி. ஃப்ளைக்குப் பதில் ஒரு துண்டு கம்பளி நூல். தினம் பத்து நிமிடம் செய்தாலே போதும். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் வீசினால் தோள் வலிதான் மிச்சம்.

1. ராடை இறுக்கிப் பிடிக்காதீர்கள். கட்டைவிரல் பிடியின் மேல்பக்கம் இருக்கட்டும். 30 அடி லைனை முன்னால் நேராக விரித்துவிடுங்கள்.

2. ராடு நுனி தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்திருக்கட்டும், லைனில் தொய்வு இருக்கக் கூடாது. தொய்வோடு தொடங்கினால் முதல் பாதி அசைவு அதை எடுக்கவே செலவாகிவிடும்.

3. பின்வீச்சு. மெதுவாகத் தொடங்கி, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், சட்டென்று நிறுத்துங்கள். பக்கத்தில் ஒரு கடிகார முகம் இருப்பதாக வைத்துக்கொண்டால், தலைக்கு நேர் மேலே 12, நிறுத்துமிடம் 1 மணி. கை கழுவியபின் விரலில் ஒட்டிய தண்ணீரை உதறுகிறோமே, அந்த அசைவுதான். துளியைப் பறக்கவிடுவது கையின் வேகம் மட்டுமல்ல, கை நிற்கும் நிறுத்தம். ராடும் அப்படித்தான்: வளைந்திருந்த கோல் நிறுத்திய நொடியில் நிமிர்ந்து லைனை எறிகிறது. மணிக்கட்டை மடக்கினால் நுனி 3 மணிக்கு விழும், லைன் புல்லில் படுக்கும்.

4. காத்திருங்கள். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. லைன் ஒரு வளைவாக உருண்டு விரியும். அது நேராகிற தறுவாயில் முன்னால் தொடங்க வேண்டும். நீளமான லைனுக்கு நீளமான காத்திருப்பு, அதனால் ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணுகிற பழக்கம் உதவாது. கண்ணால் பார்ப்பதே சரி.

5. முன்வீச்சு. அதே மாதிரி மெதுவாகத் தொடங்கி, வேகம் கூட்டி, 10 மணியில் சட்டென்று நிறுத்தம். லைன் முன்னால் விரிந்தபின் நுனியைத் தாழ்த்துங்கள்.

இந்த ஐந்தில் நாலாவதுதான் எல்லாருக்கும் சறுக்குகிறது. கை சும்மா இருக்கும் அந்த அரை நொடி ஏதோ வேலையை விட்டுவிட்ட மாதிரித் தோன்றும், உடனே முன்னால் இழுத்துவிடுவோம். பின்னால் ‘பளீர்’ என்று சாட்டைச் சத்தம் கேட்டால் அதுதான் காரணம். அந்தச் சத்தத்தோடு ஃப்ளை அறுந்து போவதும் உண்டு.

மற்ற கோளாறுகளுக்கும் காரணம் கண்டுபிடித்துவிடலாம். லீடரில் தானாக முடிச்சு விழுகிறதா? காற்றின் மேல் பழி போடுவார்கள், பெரும்பாலும் காரணம் தொடக்கத்திலேயே வெடுக்கென்று பலத்தைக் கொடுத்தது. லைன் முன்னால் குவியலாக விழுகிறதா? நிறுத்தாமல் கையைக் கீழே கொண்டுபோயிருப்பீர்கள். தூரம் போகவில்லையா? இன்னும் பலமாக வீசுவது மருந்தல்ல. பலம் கூடினால் நுனி வளைந்து வளைந்து போகும், லைனும் அதே பாதையில்தான் போகும்.

பாப்பரைக் கட்டியபின் எல்லாவற்றையும் கொஞ்சம் நிதானமாகச் செய்ய வேண்டும். முன்னும் பின்னும் பலமுறை ஆட்டிக்கொண்டிருக்காதீர்கள், ஒன்றிரண்டு போதும், பிறகு தண்ணீரில் போட்டுவிடுங்கள். காற்று உங்கள் வீசும் தோள் பக்கமிருந்து அடித்தால் ஃப்ளை நேரே காதுக்கு வரும். அப்போது முதுகைத் தண்ணீருக்குக் காட்டி நின்று, பின்வீச்சிலேயே ஃப்ளையை இறக்கிவிடுங்கள். பின்னால் மரம் இருந்தால் ரோல் காஸ்ட்: லைன் தண்ணீரிலேயே கிடக்க, ராடை மெல்லக் காதுவரை உயர்த்தி, பின்னால் லைன் தொங்கும்வரை நின்று, முன்னால் வேகமாகத் தள்ளி நிறுத்துங்கள். இதைப் புல்லில் பழக முடியாது, பிடித்துக்கொள்ளத் தண்ணீர் வேண்டும்.

தண்ணீரில்

அதிகாலையும் அந்தியும் பாப்பருக்கான நேரம். பாசியின் ஓரம், விழுந்த மரம், அல்லி இலைகளின் இடைவெளி, படகுத்துறை நிழல் இங்கெல்லாம் பாஸ் பதுங்கி நிற்கும். வெயில் ஏறினால் கிளவுசரை மாட்டி ஆழத்துக்குப் போங்கள். முதல் வீச்சே தூரமாக வேண்டாம். காலடியில் இருக்கும் பாசியிலேயே மீன் நிற்கலாம், கிட்டத்திலிருந்து எட்டத்துக்குப் போங்கள்.

பாப்பர் விழுந்ததும் ராடு நுனியைத் தண்ணீரை ஒட்டித் தாழ்த்தி, லைனை ராடு பிடித்த கையின் ஆள்காட்டி விரலுக்கடியில் வையுங்கள். தண்ணீரில் எழுந்த அலை வளையங்கள் அடங்கும்வரை ஒன்றும் செய்யாதீர்கள். பிறகு மறுகையால் லைனை ஒரு விரல்நீளம் வெடுக்கென்று இழுங்கள். ‘பளக்’. மறுபடி சும்மா. பல மீன்கள் ஃப்ளை அசையும்போதல்ல, அசைந்து நின்றபின்தான் பாயும். குளிர்ந்த தண்ணீரில் இந்த இடைவெளியை இன்னும் நீட்டுங்கள். ராடைத் தூக்கி ஃப்ளையை இழுக்கக் கூடாது. தொய்வு விழும், மீன் கடிக்கும்போது கைக்குத் தெரியாது.

தண்ணீர் வெடிக்கும். அந்தக் கணத்தில் ராடை மேலே வெடுக்கென்று இழுக்கத்தான் கை துடிக்கும். அப்படி இழுத்தால் மீனின் வாயிலிருந்து ஃப்ளையைப் பிடுங்கினதுதான் மிச்சம். சத்தத்துக்கு எதுவும் செய்யாமல், கனம் தெரிந்தபின் லைனை நேராக, நீளமாக ஒரு இழு. முள் ஏறியபின் ராடைத் தூக்கலாம். தப்பிவிட்டால் ஃப்ளையை அங்கேயே கிடக்கவிடுங்கள், அதே மீன் திரும்பி வருவது சகஜம்.

மாட்டிய மீனைப் பாசியிலிருந்து விலக்கப் பக்கவாட்டில் இழுங்கள். லைனை ரீலில் சுற்ற அவசரப்பட வேண்டாம், கையாலேயே இழுத்துச் சேர்க்கலாம். பாஸுக்குக் கூரான பற்கள் இல்லை. கையை நனைத்துக்கொண்டு கட்டைவிரலைக் கீழ்த்தாடைக்குள் விட்டுப் பிடிக்கலாம். பெரிய மீனைத் தாடையில் மட்டும் தொங்கவிடாமல் வயிற்றுக்குக் கீழே மறுகையைக் கொடுங்கள். முள் நுனியருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் சின்னக் கூரை இடுக்கியால் முன்பே நசுக்கி வைத்திருந்தால் கழற்றுவது நொடி வேலை. தண்ணீரின் வெப்பம் 15 முதல் 20 டிகிரி செல்சியஸைத் தொடும் வசந்தத்தில் ஆண் மீன்கள் கூட்டைக் காவல் காக்கும், அவற்றைத் தொந்தரவு செய்யாதீர்கள். உரிமம், பருவம், எடுத்துச்செல்லும் அளவு எல்லாம் இடத்துக்கு இடம் மாறும், போவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் ஃப்ளைக்கு மேலே ஓரடி லீடரை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு முடிச்சைப் புதிதாகப் போடுங்கள்.