வியன்னா போகும் முன் சேலத்தில் முடிக்க வேண்டிய வேலைகள்

ஆஸ்திரியாவின் வியன்னாவில் நடக்கும் அணு ஆயுத ஒழிப்பு பற்றிய மாணவர் மாநாட்டுக்கு அழைப்பு வந்திருக்கிறது என்று சொன்னதும் அம்மா கேட்டார்: "குண்டு போடக் கூடாதுன்னு சொல்ல அவ்வளவு தூரம் போகணுமா? இங்கிருந்தே சொல்லேன்." நியாயமான கேள்விதான். பதில் தெரியாமலேதான் போய் வந்தேன். இந்த வருடம் ஜூனியர்கள் இரண்டு பேர் கிளம்புகிறார்கள். அவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் வேலை, உங்கள் பெயரைச் சரிபார்ப்பது. சிரிக்காதீர்கள். நமக்கு இருப்பது இனிஷியல். பாஸ்போர்ட்டில் அது அப்பா பெயராக விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் கல்லூரி அடையாள அட்டையில் இருந்தபடி இனிஷியலோடு விண்ணப்பித்தேன், அழைப்புக் கடிதமும் அப்படியே வந்தது. சென்னையில் விசா கவுண்டரில் இருந்த அக்கா பாஸ்போர்ட்டையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா முனையால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக்கொண்டே வந்தார். இனிஷியலில் பேனா நின்றது. திரும்பவும் சேலம், புதுக் கடிதத்துக்கு மின்னஞ்சல், திரும்பவும் ரயில். விரல் ரேகை வைக்க நேரில்தான் போக வேண்டும் என்பதால் தம்பியை அனுப்பவும் வழியில்லை.

விசாவுக்குப் பயண நாளிலிருந்து 6 மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது முன்னால் கொடுத்துவிட வேண்டும். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது.

அப்புறம் படிப்பு. எல்லாவற்றையும் படிக்க முயலாதீர்கள். மூன்று ஒப்பந்தங்களைக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. 1970இல் நடைமுறைக்கு வந்தது, அணு ஆயுதம் புதிய நாடுகளுக்குப் பரவாமல் தடுக்கும் பரவல் தடை ஒப்பந்தம். 1996இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது முழுமையான அணுச் சோதனைத் தடை ஒப்பந்தம். அது இன்னும் நடைமுறைக்கே வரவில்லை. அணு ஆயுதத்தையே சட்டவிரோதம் என்று சொல்வது 2017இல் நிறைவேறி 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தடை ஒப்பந்தம். இந்தியா மூன்றிலும் கையெழுத்திடவில்லை.

ஆகவே அந்தக் கேள்வி வந்தே தீரும். எனக்கு முதல் நாள் தேநீர் இடைவேளையிலேயே வந்தது: "உங்கள் நாட்டிடமே குண்டு இருக்கிறதே?" நான் வெளியுறவு அமைச்சகம் மாதிரி விளக்கம் கொடுக்க ஆரம்பித்தேன். எதிரில் இருந்த கானா நாட்டுப் பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, நீ என்ன நினைக்கிறாய்?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. 1974, 1998 பொக்ரான் சோதனைகள், முதலில் பயன்படுத்த மாட்டோம் என்ற கொள்கை, 2010க்குள் உலகில் அணு ஆயுதமே இருக்கக் கூடாது என்று 1988இல் ராஜீவ் காந்தி ஐ.நா.வில் வைத்த திட்டம் எல்லாம் தெரிந்திருக்கட்டும். ஆனால் உங்கள் சொந்த அபிப்பிராயத்தை நாலு வரியில் வீட்டிலேயே எழுதிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நாட்டுக்கு வக்காலத்து வாங்கவும் வேண்டாம், வாரிவிடவும் வேண்டாம்.

ஊரிலிருந்து எதையாவது பேச்சில் எடுத்துப் போங்கள். சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, 83 வயதில், 1962இல் வாஷிங்டன் போய் அணுச் சோதனைகளை நிறுத்தச் சொல்லி கென்னடியிடம் நேரில் பேசினார். இதைச் சொன்னதும் அறையில் இரண்டு பேர் குறிப்பெடுத்தார்கள். இன்னொன்று எங்கள் வீட்டுக் கதை. சின்ன வயதில் மேக்னசைட் சுரங்கத்தில் வெடி வைத்தால் எங்கள் அடுக்களையில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். வியன்னாவில் இருக்கும் சோதனைத் தடை அமைப்பின் வேலையே இந்த மாதிரி அதிர்வைப் பிரித்துப் பார்ப்பதுதான். நிலநடுக்கத்தில் பின்னால் வரும் குறுக்கலை, அதாவது நிலத்தைக் குறுக்குவாக்கில் அசைக்கும் அலை, பலமாக இருக்கும்; வெடிப்பில் முதலில் வரும் அழுத்த அலைதான் ஓங்கி நிற்கும். வட கொரியா 2006 முதல் 2017 வரை நடத்திய ஆறு சோதனைகளும் அப்படித்தான் மாட்டின. டம்ளரில் ஆரம்பித்ததால் கேட்டார்கள். நேராக அலையில் ஆரம்பித்திருந்தால் போனைப் பார்த்திருப்பார்கள்.

பேச உங்களுக்கு மூன்று நிமிடம்தான். வாய்விட்டுப் பேசிப் பழகாமல் போகாதீர்கள். சித்தி வீட்டுக்கு ஏற்காடு போகும் பஸ்ஸில், இருபது கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தேன். "யார்கிட்ட பாப்பா பேசறே?" என்றார் கண்டக்டர். வளைவில் வண்டி திரும்பும்போதும் வார்த்தை தடுமாறவில்லை என்றால் மேடையில் தடுமாறாது.

பெட்டி விஷயம் சீக்கிரம் முடித்துவிடலாம். பால் இனிப்பு, நெய் எதுவும் உள்ளே விடமாட்டார்கள். மாம்பழத்தையும் மறந்துவிடுங்கள். தட்டுவடை கொண்டு போனேன், மாவாகத்தான் போய்ச் சேர்ந்தது. சித்தி கொடுத்த ஏற்காடு காபித்தூள் கால் கிலோ மட்டும் முழுசாக வந்தது. அறைத்தோழி அதில்தான் எனக்கு நண்பியானாள். ஏற்காட்டுக்குப் போடும் ஸ்வெட்டர் மார்ச் மாத வியன்னாவுக்குக் காணாது.

கடைசியாக, அழைப்பு வந்த அன்றே துறைத் தலைவரிடம் விடுப்புக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எனக்கு அந்த ஆறு நாள் இன்னும் ஆப்சென்ட்டாகத்தான் இருக்கிறது.