பாதி வேலையில் யாராவது கூப்பிட்டால்

நான் ஆட்டிசம் உள்ளவள். கணக்குப் பிரிவில் வேலை. டாலி என்ற கணக்கு மென்பொருளில் பில்களைச் சரிபார்க்கும்போது பின்னாலிருந்து "மேடம், ஒரு நிமிஷம்" என்று குரல் வந்தால் மனதில் பிடித்து வைத்திருந்த கணக்கெல்லாம் கலைந்துவிடும். கோபமில்லை. ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்கு மாற என் மூளைக்கு நேரம் வேண்டும், அவ்வளவுதான்.

திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். மேசையில் துண்டுத்தாள் எப்போதும் இருக்கட்டும். "பில் 482 வரை முடிந்தது" என்பது போதாது. "483: வரி 18 சதவீதமா, 5ஆ பார்" என்று அடுத்த அடியை எழுதினால்தான் திரும்பி வரும்போது கை தானாக ஓடும். கூப்பிட்டவர் காத்திருக்கட்டும். "இந்த பில்லை முடிச்சிட்டு வரேன்" என்று ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அந்த நேரத்தில் புதிதாகத் தேடினால் வார்த்தை வராது.

முடிந்தால் முதுகு சுவர்ப் பக்கம் இருக்கும்படி நாற்காலியைப் போடுங்கள். ஹெட்ஃபோனை மட்டும் நம்பாதீர்கள்; அதைப் பார்த்துவிட்டுத் தோளைத் தட்டுவார்கள், அது இன்னும் மோசம்!

மேலாளரிடம் பொதுவாக "தொந்தரவு வேண்டாம்" என்றால் எடுபடாது. "20ஆம் தேதி ஜிஎஸ்டி மாதக் கணக்கு (ஜிஎஸ்டிஆர்-3பி) தாக்கல் செய்யக் கெடு. அதுவரை காலை 10 முதல் 12 வரை எதுவானாலும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். ஆட்டிசம் என்று சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு.

அப்படியும் தலை சூடேறினால் தண்ணீர் பாட்டிலை நிரப்பப் போங்கள். அதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை.