பாலைக் கப்புக்கு அடியில் சீமெந்து வேண்டாம்

இலங்கையின் வன்னியில் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் போனால் பழைய மரக்கூட்டு வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. பாலை மரத் தூணான கப்பை நட்டு, குறுக்கே வரிச்சுக் கம்பு கட்டி, மண் வைத்த சுவர். மேலே சரிவாகக் கிடக்கும் பனஞ்சட்டமான சலாகை, அதன்மேல் ஓடு. கூரையைச் சுமப்பது கப்பும் அதன்மேல் கிடக்கும் உத்தரமான வளையும்தான், சுவர் இல்லை. போருக்குத் தப்பிய இந்த வீடுகளில் சிலவற்றை நல்ல எண்ணத்தோடு செய்த திருத்த வேலையே கெடுத்துவிட்டது. அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

முதல் தவறு, கப்பின் அடியைச் சுற்றிச் சீமெந்து போடுவது. என் அம்மம்மா வீட்டிலும் ஒரு மேசன் அப்படித்தான் செய்தார். பார்க்க உறுதியாக இருந்தது. மரம் காய்ந்து சுருங்கியதும் சீமெந்துக்கும் கப்புக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழுந்தது. மாரி மழை அதற்குள் இறங்கியது, ஆனால் வெளியேற வழியில்லை. மூன்றாவது மாரி முடிந்தபோது கத்தி முனை மரத்துக்குள் சுலபமாகப் போனது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உக்கவைக்கும் பூஞ்சணம் வளராது. அதனால் மரம் நனைந்தாலும் மறுபடி காய வழி விடவேண்டும். கூரைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, உக்கிய அடியை நல்ல மரம் தெரியும்வரை அறுத்து, நில மட்டத்துக்கு மேல் நிற்கும் கருங்கல்லில் கப்பை இருத்துங்கள். ஆனால் ஒன்று: நிலத்தில் ஊன்றியிருந்த கப்பு கல்லுக்கு வந்ததும் ஆடத் தொடங்கும். கல்லில் முளை வைத்துப் பொருத்தி, மேலே கப்புக்கும் வளைக்கும் இடையில் சாய்கட்டையும் கொடுக்க வேண்டும்.

மண்சுவருக்குச் சீமெந்துப் பூச்சும் இதே கதைதான். மண் ஈரத்தை வாங்கித் திரும்ப வெளியே விடும், சீமெந்து விடாது. வெடிப்பு வழியே புகுந்த தண்ணீர் வரிச்சில் தங்கும். கறையான் பூச்சுக்குப் பின்னால் ஏறுவதும் கண்ணில் படாது. வைக்கோல் கலந்த மண்ணாலோ சுண்ணாம்பாலோ பூசினால் போதும்.

சலாகையின் நுனி உக்கியதற்காக முழுச் சலாகையையும் மாற்றாதீர்கள். தாழ்வாரத்து நுனிதான் முதலில் கெடும். நல்ல ஓடாவி (தச்சர்) என்றால் கெட்டதை வெட்டிவிட்டு, சரிவாகச் சீவிய புதுத் துண்டை ஒட்டவைத்து மர ஆணி அடித்துக் கொடுப்பார். பனைக்குக் கெட்டியான வயிரம் வெளிப்பக்கம், உள்ளே மென்மையான சோறுதான். அழகுக்காக மேற்பக்கத்தைச் சீவினால் பலமே போய்விடும். புதுப் பனை தேவையென்றால், பெண் பனையை அனுமதியில்லாமல் தறிக்க 1951ஆம் ஆண்டுச் சட்டம் விடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கூரை ஓடுகளை இறக்கித் தகரம் போடுபவர்களும் இருக்கிறார்கள். ஓட்டின் பாரம்தான் கூரையைக் கப்பில் அழுத்தி வைத்திருந்தது. அந்தப் பாரம் போனால் காற்று கூரையைத் தூக்கும். 2020 மார்கழியில் புரெவிப் புயல் எங்கள் கரையில் ஏறியதை மறந்திருக்க மாட்டீர்கள். தகரம்தான் போடவேண்டும் என்றால் சலாகையை வளையோடும், வளையைக் கப்போடும் இரும்புப் பட்டியால் கட்டுங்கள்.

தொல்பொருள் சட்டம் தானாகக் காப்பது 1815 மார்ச் 2க்கு முந்தைய கட்டடங்களை. நம் ஊர் வீடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிந்தியவை. அதனால் காப்பது வீட்டுக்காரர் கையில்தான். ஓடு இறக்குவதற்கு முன்பே ஒவ்வொரு வளைக்கும் சலாகைக்கும் எண் போட்டு, படம் எடுத்து வையுங்கள். எது எங்கே இருந்தது என்று ஓடாவிக்குத் தெரிந்தால்தான் அதே இடத்தில் திரும்ப ஏற்ற முடியும்.