ஒரு மணி நேரம், பன்னிரண்டு பாட்டு: வாராந்திர வானொலிக்குக் கதம்பம் கட்டுவது எப்படி?

எங்கள் ஊர்ச் சமுதாய வானொலியில் சனிக்கிழமை இரவு ஒன்பது முதல் பத்து வரை என் நேரம். "என்ன பாட்டு வேணும்னாலும் போடுங்க சார், சினிமாப் பாட்டு மட்டும் வேண்டாம். அதுதான் நாள் முழுக்க ஓடுதே" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கேட்க இனிப்பாக இருந்தது. முதல் மாதம் கையில் கிடைத்ததையெல்லாம் வரிசையில்லாமல் போட்டேன். நாலாவது வாரம் என் அக்காவே நடுவில் ரேடியோவை அணைத்துவிட்டாள். பூக்கடையில் கதம்பம் பார்த்திருப்பீர்கள். மல்லி, கனகாம்பரம், மருக்கொழுந்து என்று எது வந்தாலும் நார் ஒன்றுதான். எனக்கு அந்த நார் பிடிபட ஆறு மாதம் ஆனது. புதிதாக வருபவர்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டியதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

1. முதலில் நேரக் கணக்கு

அறுபது நிமிடத்தில் பன்னிரண்டு பாட்டுதான். சராசரி நாலு நிமிடம் என்றால் 48 ஆகிவிடும். பேச்சுக்கு ஏழு, முகப்பிசைக்கும் முடிப்புக்கும் இரண்டு. மீதி மூன்று நிமிடத்தைத் தொடாதீர்கள், அது எப்படியும் கரையும். பதினைந்து பாட்டு திணித்தால் கடைசிப் பாட்டு பல்லவியிலேயே அறுபடும், நேயர்கள் அதை மட்டும் மறக்கவே மாட்டார்கள்.

நாகஸ்வர ஆலாபனை போல நீண்ட உருப்படி ஒன்றைச் சேர்த்தால் மற்றவை குறுகியதாக இருக்கட்டும். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய இசைத்தட்டுகள் இதற்குக் கை கொடுக்கும். ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் பதிய முடியும் என்பதால் அந்தக் காலத்து வித்வான்கள் ராகத்தைப் பிழிந்து சாறாகக் கொடுத்திருப்பார்கள்.

2. வாரம் முழுக்கக் குறித்து வையுங்கள்

கூகுள் ஷீட் போதும், நோட்டுப் புத்தகமும் போதும். கலைஞர், பாட்டு, ஆல்பம், ஆண்டு, நாடு, நீளம், எங்கே கேட்டேன் என்று ஏழு கட்டம். கேட்டவுடன் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை இரவு உட்கார்ந்து தேடினால் பழகிய பத்துப் பாட்டுதான் நினைவுக்கு வரும்.

3. நாரைத் தேடுங்கள்

வேலை இங்கேதான். அடுத்தடுத்த இரண்டு பாட்டுக்கும் நடுவே ஏதாவது ஓர் உறவு இருக்க வேண்டும். நேயருக்கு அது தெரியாமலே போகலாம், உங்களுக்குத் தெரிந்தால் போதும். நான் மூன்று விதமாகத் தேடுகிறேன்.

ஒன்று, ஸ்வரம். மோகன ராகத்தில் ஒரு நாகஸ்வரம் போட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து எத்தியோப்பியாவுக்குப் போகலாம். அங்கே டிஸிட்டா என்று ஒரு ஸ்வர வரிசை உண்டு, அந்தச் சொல்லுக்கு நினைவு, ஏக்கம் என்று பொருள். அதன் மேஜர் வடிவத்தில் இருப்பது நம் ச ரி க ப த தான். ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகம் இல்லை, நடை வேறு, ஆனாலும் காது "இது தெரிஞ்சவங்க வீடாச்சே" என்று உட்கார்ந்துவிடும். எத்தியோப்பிய இசையில் தொடங்க முலாட்டு அஸ்டாட்கேயைக் கேளுங்கள். பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்தவர், தன் நாட்டு ஸ்வர வரிசைகளை ஜாஸோடு சேர்த்தவர்.

இரண்டு, கருவி. மேற்கு ஆப்பிரிக்காவின் கோரா என்ற கருவிக்கு 21 தந்திகள். உடம்பு, பாதியாக வெட்டிய பெரிய சுரைக்குடுக்கை, அதன்மேல் தோல். சிதாரின் குடமும் சுரைக்குடுக்கைதான். தஞ்சாவூர் வீணையில் கழுத்துக்கடியில் தொங்கும் சின்னக் குடமும் சுரைக்குடுக்கையாகவே இருந்து வந்தது. மாலி நாட்டின் துமானி ஜபாதே வாசித்த கோராவுக்குப் பின் வீணையில் ஒரு தானம் (தாளக்கட்டு இல்லாமல், லயத்தோடு ராகத்தை வாசிக்கும் பகுதி) போட்டுப் பாருங்கள். அன்றைக்கு நான் பேச வேண்டியிருந்ததெல்லாம் சுரைக்காயைப் பற்றி இரண்டு வாக்கியம்தான்.

மூன்றாவது, வரலாறு. இலங்கையின் பைலா, போர்த்துக்கீசியரும் அவர்கள் காலத்தில் வந்து சேர்ந்த ஆப்பிரிக்கர்களும் விட்டுப்போன ஆட்டப்பாட்டு. ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலில் கிடக்கும் கேப் வெர்டே தீவுகள் 1975 வரை போர்த்துக்கீசியரிடம் இருந்தன. பைலா முடிந்ததும், வெறுங்காலோடு மேடை ஏறிய அந்தத் தீவின் பாடகி செசாரியா எவோராவைப் போட்டால், ஒரே கப்பல் இறங்கிய இரண்டு துறைமுகம் போல இருக்கும். ஆனால் தாளம் ஒட்டாது. ஒன்று துள்ளும், மற்றது அசையும். அதனால் இந்த இடத்தில் கட்டாயம் பேச வேண்டும், இருபது வினாடியாவது. உறவு காதிலேயே தெரிந்தால் பேசாதீர்கள், கதையில் இருந்தால் சொல்லுங்கள்.

நார் கிடைக்காத பாட்டு எவ்வளவு பிடித்திருந்தாலும் அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள். என் ஷீட்டில் எட்டு மாதமாகக் காத்திருக்கும் ஒரு பாட்டு இருக்கிறது.

4. சத்தத்தைச் சமன் செய்யுங்கள்

ஒருமுறை தவில் தனி ஆவர்த்தனத்துக்கு அடுத்து ஒரு மெல்லிய கிட்டார் பாட்டை வைத்தேன். ஒரு பெரியவர் போன் செய்து, "தம்பி, ரேடியோ நின்னுபோச்சு" என்றார். நிற்கவில்லை, அவருக்குக் கேட்கவில்லை.

இதற்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகத் திறந்து, எஃபெக்ட் பட்டியலில் லவுட்னெஸ் நார்மலைசேஷன் என்பதை எடுத்து, மைனஸ் 16 LUFS (சத்தத்தை அளக்கும் அலகு) என்று கொடுங்கள். உங்கள் குரல் பதிவுக்கும் அதே அளவுதான். அப்புறமும் காதால் ஒருமுறை சரிபாருங்கள், முக்கியமாகப் பாட்டின் கடைசிப் பத்து வினாடியும் அடுத்ததன் முதல் பத்து வினாடியும். ஹெட்போனில் மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். சமையலறையில் குக்கர் விசில் அடிக்கும்போது போனின் ஸ்பீக்கரில் கேளுங்கள். நேயர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள்.

5. பேச்சு

குறைவாக. தப்பு நடந்தால் ஒப்புக்கொண்டு மேலே போங்கள். பிபிசி ரேடியோ 1-இல் 1967 முதல் 2004-இல் இறக்கும்வரை பாட்டுப் போட்ட ஜான் பீல், பங்க், ரெகே, ஆப்பிரிக்க கிட்டார் எல்லாவற்றையும் ஒரே இரவில் அடுக்கியவர். இசைத்தட்டைத் தவறான வேகத்தில் ஓடவிட்டதற்கும் அவர் பேர்போனவர். நேயர்கள் அதற்காக அவரைக் கைவிடவில்லை.

6. பட்டியலைப் பகிருங்கள்

பலர் இந்த இடத்தில்தான் சோம்பல்படுகிறார்கள், எனக்குக் கோபம் வருவதும் இங்கேதான். நல்ல பாட்டு ஒன்று காதில் விழுந்து, அது யாருடையது என்று தெரியாமல் போனால் வரும் எரிச்சல் உங்களுக்கும் தெரியும்தானே? 1902-இல் கல்கத்தாவில் பாடிப் பதிந்த கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தன் பெயரைத் தானே ஆங்கிலத்தில் சொல்லுவார். இசைத்தட்டு ஜெர்மனியில் அச்சாகும்போது லேபிள் மாறிவிடக் கூடாதே. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டாம். படம், இசை, பாடல் வரி, பாடியவர் என்று அறிவிப்பாளர் வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் பாட்டே தொடங்கும்.

பட்டியலில் ஒரு வரி இப்படி இருக்கட்டும்: ஒலிபரப்பில் வந்த நேரம் (21:14), கலைஞர், பாட்டு, ஆல்பம், ஆண்டு, நாடு. கீழே உங்கள் சொந்த வாக்கியம் ஒன்று. "அருமையான பாடல்" என்று எழுதாதீர்கள், அதில் ஒன்றுமில்லை. "இரண்டாவது நிமிடத்தில் மேளம் நின்று குரல் மட்டும் தனியே நிற்கும், அதைக் கேளுங்கள்" என்றால் ஒருவராவது தேடிப் போவார்.

பெயரைத் தமிழில் எழுதினாலும், ஆல்பத்தின் மேல் உள்ள எழுத்திலும் ஒருமுறை சேருங்கள், அப்போதுதான் தேடினால் கிடைக்கும். அஸ்டாட்கே பெயரையே ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட விதமாக எழுதுகிறார்கள். கச்சேரிப் பதிவா, ஸ்டூடியோப் பதிவா என்றும் குறியுங்கள். ஒரே கீர்த்தனையைப் பத்துப் பேர் பாடியிருப்பார்கள்.

நிகழ்ச்சி முடிந்த அன்றிரவே போட்டுவிடுங்கள். அமெரிக்காவில் நியூ ஜெர்சியிலிருந்து ஒலிபரப்பாகும் டபிள்யூ.எஃப்.எம்.யூ. நிலையத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டியல் இணையத்தில் ஏறிவிடும். நமக்கு அவ்வளவு வேகம் வேண்டாம், ஞாயிறு காலைக் காபிக்குள் போதும்.

7. எதைப் பகிரலாம், எதைக் கூடாது

பட்டியலைத் தாராளமாகப் பகிரலாம். பாட்டுக் கோப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், கலைஞரே விற்கும் பேண்ட்கேம்ப் பக்கம் இருந்தால் அந்த இணைப்பைக் கொடுங்கள். வானொலியில் ஒலிபரப்ப நிலையத்துக்கு உரிமம் இருந்தாலும், அதே நிகழ்ச்சியைப் பிறகு இணையத்தில் ஏற்ற அது போதாது. முழு நிகழ்ச்சியையும் வைக்க வேண்டுமானால், உரிமைத்தொகையைத் தானே கவனித்துக்கொள்ளும் மிக்ஸ்கிளவுட் போன்ற இடம் நல்லது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான உரிமை வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள். ஆனால் பாடலாசிரியர், இசையமைத்தவரின் உரிமை தனிக் கணக்கு, அது அவர்கள் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் ஓடும். பழைய தட்டு என்பதால் எல்லாம் இலவசம் என்று நினைத்துவிட வேண்டாம்.

பட்டியலின் அடியில் ஒரு வரியைக் காலியாக விட்டு, "பன்னிரண்டாவது பாட்டு உங்களுடையது" என்று எழுதி வையுங்கள். ரேடியோ நின்றுபோச்சு என்ற அதே பெரியவர், போன வாரம் ஒரு வில்லுப்பாட்டு கேசட்டைத் துணிப்பையில் போட்டு நிலையத்துக்கே கொண்டுவந்துவிட்டார். கேசட்டின் மேல் பெயர் எதுவும் இல்லை. யார் பாடியது என்று இப்போது ஊர் ஊராக விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.